மெய்ப்பாட்டியலும் உளநூற் பாடமும்

மக்கள் ஒரு செயலை ஏன் செய்கின்றனர் என்னும் வினா எளிதில் எழுவது. எளிதில் விடை பெறாதது. செயல் கண்ணுக்குப் புலனாகும். அதனைத் தூண்டிய உள்ளம் புலனாகாது. புலனாவது கொண்டு புலனாகாததனை உணரும் இம்முயற்சியை இன்றைய உயர்கல்வியில் இருவேறு பாடங்கள் தமக்குப் பொருளாகக் கொண்டுள்ளன. ஒன்று உளநூல். மற்றொன்று, அப்பெயரால் வழங்கப்பெறாவிடினும், தமிழ் முதுகலை மாணவர் பயிலும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். முதுகலை முடித்து ஆசிரியப் பயிற்சிக்குச் செல்வோர் ஆண்டுக் கல்வி உளநூலையும் கற்பராதலின், ஒரே மாணவர் இவ்விரண்டனையும் அடுத்தடுத்துப் பயிலும் வாய்ப்புடையர். அங்ஙனமிருந்தும், ஒரு செய்யுளுள் பேசும் ஒருத்தியின் உள்ளம் இன்னது என்று காரணங்காட்டித் துணிய வேண்டியவிடத்து அம்மாணவர் இடர்ப்படுதலை வகுப்பறையிற் காண்கின்றோம். பெயர்கள் பல அறிந்தும் பொருள் அறியாமை யாங்ஙனம் நேர்கின்றது என்பதனையும், மெய்ப்பாட்டியல் உண்மையில் எதனைக் கற்பிக்கின்றது என்பதனையும் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இயலின் அமைப்பு

பொருளதிகாரத்து ஒன்பது இயல்களுள் ஆறாவதாக நிற்பது மெய்ப்பாட்டியல். இது 27 நூற்பாக்களான் இயன்றது. இதற்கு இளம்பூரணர் உரையும் பேராசிரியர் உரையும் நமக்குக் கிடைத்துள்ளன. 1885ஆம் ஆண்டிற் சி. வை. தாமோதரம் பிள்ளை பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையெனக் கொண்டு அச்சேற்றியபொழுது, இறுதி நான்கு இயல்களின் உரையும் அவருடையதாகவே கருதப்பட்டது. அது பேராசிரியருடையது என்பது பின்னரே தெளியப்பட்டது.

உள்ளத்தே நிகழ்வது புறத்தார்க்குப் புலனாகுமாறு வெளிப்படுதலே மெய்ப்பாடு என்பது பேராசிரியர் கருத்து. அந்நிகழ்ச்சியைச் சுவைக்கப்படும் பொருள், சுவையுணர்வு, குறிப்பு, விறல் என நான்கு கூறுபடுத்து விளக்குவர். புலியைக் கண்டான் ஒருவனை எண்ணுக. புலி சுவைக்கப்படும் பொருள். அது கண்டு உள்ளத்து எழும் அச்சம் உணர்வு. ஓடி ஒளியக் கருதுதல் குறிப்பு. உடல் நடுங்கலும் வியர்த்தலும் விறல். எண்வகைச் சுவையோடும் இந்நான்கனையும் உறழ முப்பத்திரண்டாம். அவை பதினாறாகவும் எட்டாகவும் சுருங்கும்.

இதன்பின் ஆசிரியர் எட்டு மெய்ப்பாட்டினையும் தனித்தனி எடுத்து, ஒவ்வொன்றும் பிறத்தற்குரிய நிலைக்களன் நான்கு கூறுவர். அவ்வெட்டனுள் அடங்காதவிடத்து மெய்ப்பாடாதற்குரிய வேறு முப்பத்திரண்டனை, உடைமை முதல் நடுக்கு ஈறாக, அடுத்து வைப்பர். அதன்மேல், காதல் முகிழ்க்குங்காற் கூந்தலை விரித்தல், காதணியொன்று கழலவிடுதல் போலத் தலைவிமாட்டுப் படிப்படியே தோன்றும் குறிகளை முறைப்படுத்துவர். எனவே எட்டு என்னும் எண் இவ்வியலின் தொடக்கமேயன்றி எல்லையன்று என்பது நூலின் அமைப்பானே பெறப்படும். எட்டனோடு கற்றலை நிறுத்திக்கொள்வோர் இயலின் ஒரு பகுதியையே கற்றவராவர்.

2. பட்டியலாகக் கற்றல்

நம் பாடமுறையில் இவ்வியல் பெரும்பாலும் ஓர் அட்டவணையாகவே மாணவரை அடைகின்றது. எட்டு வரி, நான்கு கட்டம். ஒவ்வொரு கட்டத்திற்கும் உரையாசிரியர் காட்டிய ஓர் எடுத்துக்காட்டு. எண்வகை மெய்ப்பாட்டினையும் விளக்குக என்பது வினாவாயின் அவ்வட்டவணையே விடையாகிவிடுகின்றது. உளநூற் பாடத்தின் நிலையும் இதனின் வேறன்று. 1943இல் ஆபிரகாம் மாஸ்லோ மனிதத் தேவைகளை ஐந்து படியாக வகுத்து ஒரு கட்டுரை எழுதினார். அப்படிமுறை இறுகியதன்று என்பதனையும், அது மாறி நிற்கும் மாந்தர் பலர் உளர் என்பதனையும் அவரே அக்கட்டுரையில் விரித்துரைத்தார். பாடநூல்களிலோ அது ஒரு கூம்பு வடிவப் படமாக நிலைபெற்றது; அப்படம் அவர் கட்டுரையில் இல்லாதது. படத்தை வரைந்து ஐந்து பெயரையும் எழுதிய மாணவர், பசித்திருந்தும் தம் உணவைப் பிறர்க்கு ஈவான் ஒருவனைக் காணின் அவனை எப்படியில் வைப்பது என்று அறியார். ஆகவே குறைபாடு மெய்ப்பாட்டியற்கோ உளநூற்கோ உரியதன்று. கோட்பாட்டினைப் பெயர்த்தொகுதியாகச் சுருக்கும் பயிற்சிமுறைக்கே உரியது.

அட்டவணையாகக் கற்பதனால் இழப்பது யாது என வினவின், களன்களுக்கு இடையே உள்ள தொடர்பினை இழக்கின்றோம் என்க. நந்நான்கு களனையும் ஒருங்கு வைத்து நோக்குவாம். வெகுளியின் களன்களாகிய கொலை, அலை, குடிகோள், உறுப்பறை ஆகிய நான்கும் பிறர் தமக்கோ தம்மவர்க்கோ செய்யும் தீங்குகள். அச்சத்தின் களன்கள் நான்கும், தெய்வமாயினும் விலங்காயினும் கள்வராயினும் இறைவராயினும், தம்மின் வலிய புறப்பொருள்கள். இளிவரற்குரிய மூப்பும் பிணியும் வருத்தமும் மென்மையும் ஒருவன்மாட்டு நேரும் தாழ்நிலைகள். பெருமிதமோ இவற்றின் வேறானது. கல்வியும் கொடையும் புகழும் தறுகண்மையும் ஒருவன் தன் முயற்சியால் ஆக்கிக்கொள்வன. செய்தான் யார், செய்யப்பட்டான் யார், நிகழ்ந்தது அகத்தா புறத்தா என்னும் வினாக்கள் இவ்வகைப்பாட்டின் அடியில் நிற்கின்றன.

மேலும், சில களன்கள் ஒன்றற்கொன்று மறுதலையாய் நிற்கின்றன. அழுகைக்கு வறுமை களனாயின் உவகைக்குச் செல்வம் களனாகின்றது. அழுகைக்கு இழவு எனின் உவகைக்குப் புணர்வு எனப்படுகின்றது. ஓர் உணர்வே பிறிதோர் உணர்வுக்குக் களனாதலும் உண்டு. பிறரால் இகழப்பட்ட இளிவு அழுகைக்குக் களனாக ஓதப்பட்டமை நோக்குக. இவற்றை அட்டவணையின் தனித்தனிக் கட்டங்களிற் காண்டல் அரிது. ஒப்புவைத்து நோக்குவார்க்கே புலனாகும்.

3. ஒப்புமை காண்டலின் வழுக்கள்

பட்டியலோடு அமையாது, மேனாட்டு உளநூலோடு இவ்வியலை ஒப்பிட முற்படுவோரும் உளர். ஒப்பீடு வேண்டற்பாலதே. ஆயின் அது பெரும்பாலும் இவை யாவும் தொல்காப்பியர் அன்றே கண்டன என்னும் முடிவினை முன்னரே கொண்டு தொடங்குகின்றது. அம்முடிவு நூலுக்குப் பெருமை சேர்ப்பதுபோலத் தோன்றினும், நூலின் தனித்தன்மையை மறைத்துவிடுகின்றது. மூன்று எடுத்துக்காட்டுத் தருவாம்.

முதலாவது, வில்லியம் ஜேம்ஸ் 1884இலும் கார்ல் லாங்கே 1885இலும் தனித்தனியே வெளியிட்ட கொள்கை. ஒரு பொருளைக் கண்டவுடன் உடலில் மாறுதல் நிகழ்கின்றது. அம்மாறுதலை உணர்தலே உணர்ச்சி என்பது ஜேம்ஸின் துணிபு. நடுங்குவதனால் அஞ்சுகின்றோம், அஞ்சுவதனால் நடுங்குகின்றோமல்லோம் என்பது அதன் சாரம். மெய்யில் தோன்றும் குறிக்கு இருவரும் முதன்மை தந்தனர் என்று கொண்டு, மெய்ப்பாட்டினையும் இக்கொள்கையினையும் ஒன்றெனல் பொருந்தாது. பேராசிரியர் வைத்த முறையிற் பொருளினை அடுத்து உணர்வு நிற்ப, விறல் இறுதியில் நிற்கின்றது. ஜேம்ஸின் முறையோ இதற்கு நேர்மாறானது. அன்றியும் ஜேம்ஸ் உணர்வான் ஒருவனின் அகத்தினை விளக்குகின்றார். மெய்ப்பாட்டியல் அவனைக் காண்பானுக்கு அது புலனாகுமாற்றினை விளக்குகின்றது. வினா வேறாகவே விடையும் வேறாயிற்று.

இரண்டாவது, வில்லியம் மக்டூகல் 1908இல் வெளியிட்ட இயல்பூக்கக் கொள்கை. ஓடி ஒளிதல் என்னும் இயல்பூக்கத்திற்கு அச்சமும், பொருதல் என்பதற்குச் சினமும், அறிய விழைதல் என்பதற்கு வியப்பும் உரியவாக அவர் வகுத்தார். இவற்றை அச்சம், வெகுளி, மருட்கை என்பவற்றோடு இணைத்தல் எளிது. எளிமையே ஈண்டு இடர். மக்டூகல் தேடியது பிறவியிலேயே உள்ளமைந்த உந்துதலை. தொல்காப்பியர் கூறியது உணர்வு பிறக்கும் களனை. பெருமிதத்தின் களனாகக் கல்வியும் கொடையும் ஓதப்படுதலை இயல்பூக்கக் கொள்கையுள் அடக்க இயலாது. கல்வி பிறப்பொடு வருவதன்று. ஒவ்வொரு செயற்கும் ஓர் இயல்பூக்கம் கற்பிக்கும் முறையினை உளநூலாருள்ளேயே பலர் 1920களிற் கடிந்தனர். அவர் கடிந்து ஒதுக்கிய ஒன்றனோடு நம் நூலினைப் பிணைத்துப் பெருமை தேடுதல் வீண்.

மூன்றாவது, முகக்குறி பற்றிய ஆய்வு. பால் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் நியூகினியின் ஃபோர் மக்களிடை நடத்திய ஆய்வினை 1971இல் வெளியிட்டனர். உவகை, அழுகை, சினம், அச்சம், அருவருப்பு, வியப்பு என்னும் ஆறும் எந்நாட்டார் முகத்தும் ஒருபடித்தாய்த் தோன்றும் என்பது அவர்தம் கொள்கை. இவ்வாறனையும் நம் எட்டனுள் ஆறனோடு நிரல்நிறுத்தி, அருவருப்பே இளிவரல் எனக் கூறுவதுண்டு. இளிவரலின் களன்களை மேலே கண்டோம். மூப்பும் மென்மையும் ஒருவனைத் தன் கண்ணிலும் பிறர் கண்ணிலும் தாழ்வுறச் செய்வனவேயன்றி, அழுகிய பொருள்போல் அருவருப்பு விளைப்பனவல்ல. களனை நோக்காது பெயரை மட்டும் பெயர்த்தமையால் விளைந்த வழு இது. இன்னொன்றும் கருதத்தக்கது. அவ்வாய்வில் மக்களுக்கு வெறும் முகப்படம் மட்டும் காட்டப்படவில்லை. ஒரு சிறு நிகழ்ச்சி கதையாகச் சொல்லப்பட்டு, அதற்கேற்ற முகம் எது என்று வினவப்பட்டது. களன் முன்னரே தரப்பட்டது என்பது இதனாற் பெறப்படும். 2019இல் லிசா ஃபெல்ட்மன் பேரட்டும் அறிஞர் நால்வரும் அதுகாறும் வந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, முகக்குறி ஒன்றே கொண்டு ஒருவர் உணர்ச்சியைத் துணிதற்குப் போதிய சான்றில்லை என்றும், சூழல் இன்றியமையாதது என்றும் எழுதினர். இதனால் தொல்காப்பியர் அவர்க்கு முன்னோடி என்பது எம் கூற்றன்று. குறியினைக் களனொடு சேர்த்தே நோக்குக என்னும் நெறி, பழைய உரைகளிலும் புதிய ஆய்விலும் வெவ்வேறு வழியாய் வேண்டப்படுகின்றது என்பதே எம் கருத்து.

4. இரு செய்யுட்கள்

இந்நெறி செய்யுளிடத்துச் செயற்படுமாற்றினை இனி நோக்குவாம். புறநானூற்று 278ஆம் பாட்டு காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. நரம்பு எழுந்து வாடிய தோளினளாகிய முதியோள் ஒருத்தியிடம் அவள் மகன் போரில் முதுகிட்டான் எனப் பலர் கூறுகின்றனர். அஃது உண்மையாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பினை அறுப்பேன் எனச் சினந்து, வாளொடு களம் புகுந்து பிணங்களைப் புரட்டித் தேடுகின்றாள். சிதைந்து கிடந்த மகன் உடலைக் காண்கின்றாள். அவனை ஈன்ற நாளினும் மிக மகிழ்கின்றாள்.

அட்டவணை வழியே விடை காண்பார் ஈண்டு இழவு என்னும் களனைக் கண்டு, மெய்ப்பாடு அழுகை என எழுதுவர். பாட்டோ அவள் உவந்தாள் என்கின்றது. உவகைக்குரிய நான்கு களனுள் எதுவும் ஈண்டு இல்லை. இவ்வுவகை எதன்கண் பிறந்தது? மகன் இறந்தான் என்பதன்கண் அன்று. அவன் புறங்கொடாது இறந்தான் என்பதன்கண். தறுகண்மையும் புகழும் பெருமிதத்தின் களன்கள். மகனது பெருமிதத்திற்கு உரிய களனே தாய்க்கு உவகையின் களனாயிற்று. சற்றுமுன் அவளை வெகுளச் செய்ததும் அப்புகழ் அழிந்தது என்னும் சொல்லே. வெகுளி, உவகை என இரண்டாகத் தோன்றுவன அவள் உள்ளத்தே ஒரே வேட்கையின் இருபுறமாம். இப்பாட்டிற்குத் துறை வகுத்த பண்டைச் சான்றோர் இதனை உவகைக் கலுழ்ச்சி என்றனர். கண்ணீர் அழுகைக்குரிய குறி. அக்குறியினை உவகையின்பாற் படுத்தமையால், குறி ஒன்றாகவும் உணர்வு வேறாகவும் இருத்தல் கூடும் என்பதனை அவர் தெளிந்திருந்தனர் என்க. ஒரு நிகழ்ச்சி தானே உணர்ச்சியை ஆக்குவதில்லை. அதனை ஒருவர் தமக்கு எத்தகையதாக மதிக்கின்றாரோ அம்மதிப்பே உணர்ச்சியை ஆக்குகின்றது என்று மாக்டா ஆர்னால்டு 1960இல் எழுதினார். இப்பாட்டினை உணர்ந்து கற்ற மாணவர்க்கு அக்கொள்கை புதிதாகத் தோன்றாது. அக்கொள்கையினைக் கற்ற மாணவர்க்கு இப்பாட்டு முன்னினும் விளக்கமுறும். ஒப்பீடு பயன்படுமிடம் இதுவே.

குறுந்தொகை 25ஆம் பாட்டு கபிலர் பாடியது. வரைவு நீட்டித்தவிடத்துத் தலைமகள் தோழிக்குச் சொல்லியதாக அமைந்தது. தன்னை அவன் கூடிய பொழுதிற் கரியாவார் ஒருவரும் இலர். கள்வனாகிய அவனே ஆண்டிருந்தான். அவன் பொய்ப்பின் யான் என் செய்வேன் என்கின்றாள். ஓடும் நீரில் ஆரல்மீனை எதிர்நோக்கி நின்ற குருகு மட்டும் ஆண்டு இருந்தது. கள்வர் என்பது அச்சத்தின் களனாதலின் மெய்ப்பாடு அச்சம் என்று இதனைத் துணிவாரும் உளராவர். அவள் அஞ்சுவது கள்வனைக் கண்டன்று. அவள் விரும்பியவனையே கள்வன் என்கின்றாள். தன் உரிமையாய ஒன்றனை அவன் கொண்டான் என்பதும், கொண்டதனை மறுத்தலும் அவற்குக் கூடும் என்பதும் அச்சொல்லிற் கிடக்கின்றன. ஈண்டுள்ள உணர்வு எட்டனுள் அடங்காது, பின்வைத்த முப்பத்திரண்டனுள் ஒன்றாகிய ஐயத்தின்பாற் படும் என்பது எம் துணிபு.

குருகினை அவள் குறித்ததற்குக் காரணம் யாது? அது சான்றாகும் என்று நம்பியன்று. அதன் கண் தன் இரையின்மேலது, அவர்மேலதன்று. அதன் கால் தினைத்தாள்போல் மெலியது என்பது வரை நினைவு வைத்திருக்கும் அவள், அது ஒன்றும் கண்டிலது என்பதனையும் அறிவாள். அந்நாளின் நுண்ணிய கூறுகளைப் பலகால் நினைத்துப் பார்க்கும் உள்ளமே இங்ஙனம் பேசும். மெய்யில் தோன்றும் குறி யாதும் இப்பாட்டில் இல்லை; தேர்ந்தெடுத்த சொல்லே குறியாய் நிற்கின்றது. செய்யுளில் மெய்ப்பாடு காண்பார் உடலின் குறியோடு அமையாது, இன்னதனைக் கூறி இன்னதனைக் கூறாது விட்டமையும் குறியெனக் கொள்ளல் வேண்டும்.

5. காண்பான் தகுதி

மெய்ப்பாடு செய்யுளின் உறுப்புகளுள் ஒன்றாகச் செய்யுளியலிலும் ஓதப்படுகின்றது. ஆய்ந்து உய்த்துணர வேண்டாது பொருள் தானே மெய்ப்பட்டுத் தோன்றுதல் அதன் இலக்கணம் என்பது அவ்விடத்துக் கருத்து. மெய்ப்பாட்டியலின் இறுதியிலோ, கண்ணாலும் செவியாலும் திட்பமாக உணரும் ஆற்றலுடையார்க்கு அன்றிப் பிறர்க்கு இப்பொருளை அறிதல் அரிது என்னும் கருத்து நிற்கின்றது. முன்னையது எளிது என்றும் பின்னையது அரிது என்றும் கூறுதலின் இவை தம்முள் முரணுமோ எனின், முரணா. பயின்றார்க்குத் தானே தோன்றுவது பயிலாதார்க்கு எத்துணை முயலினும் தோன்றாது. எனவே மெய்ப்பாட்டியல் உணர்ச்சிகளின் வகைப்பாடு மட்டுமன்று. காண்பானைப் பயிற்றும் நூலுமாம். இக்கருத்தினை இறுதியில் வைத்தமையால், முன்னர்க் கூறிய எண்களும் பெயர்களும் இப்பயிற்சிக்குக் கருவியாதல் விளங்கும்.

இப்பயிற்சிக்கு உதவும் மற்றோர் உறுப்பும் செய்யுளியலிலேயே உளது. இன்ன இடத்து இன்னார் இன்னார்க்கு இம்மொழி கூறுதற்கு உரியர் என்பதனை அறிவிக்கும் முன்னம் அது. முன்னத்தை ஓர் இயலிலும் மெய்ப்பாட்டினைப் பிறிதோர் இயலிலும் தனித்தனி கற்பித்து இரண்டனையும் இணையாது விடுதல் நம் பாடமுறையின் பெருங்குறை. பேசுவாரும் கேட்பாரும் இடமும் தெளியாதவழி உணர்வும் தெளியாது.

ஈண்டு ஓர் எல்லையும் கூறல் வேண்டும். தொல்காப்பியர் வகுத்தது செய்யுளுக்கு இலக்கணம். அகத்திணை மாந்தர்க்கு இயற்பெயர் சுட்டுதலும் மரபன்று. தனிமனிதர் பலரை ஆய்ந்து, எண்ணிக் கணித்து முடிபு காண்பது உளநூலின் வழி. ஒன்றன் கருவியால் மற்றதன் பணியைச் செய்தல் இயலாது. மெய்ப்பாட்டியலைக் கற்றார் உயிருள்ள மாந்தரை உடனே அளந்தறிவர் எனல் மிகையாம். விரைந்து துணியாமை என்னும் பழக்கத்தையே அவர் பெறுவர், அப்பழக்கம் சிறிதன்று.

6. பாடத்திற்கு வேண்டுவன

மேற்கூறியவற்றால் சில முடிபுகள் பெறப்படும். எண்வகை மெய்ப்பாட்டினையும் விளக்குக என்னும் வினாவிற்கு ஈடாக, கூற்றும் துறையும் நீக்கிய ஒரு செய்யுளை மாணவர்க்குத் தருதல் வேண்டும். பேசுவார் யார், கேட்பார் யார், புலனாகும் குறி யாது, அதன் களன் யாது என்பவற்றை அவர் முதற்கண் எழுதுக. அதன்பின், அக்குறிக்குப் பொருந்துவது போலத் தோன்றும் வேறோர் உணர்வினை எடுத்து, அதனை ஏன் விலக்கினார் என்பதனையும் எழுதுக. விலக்கியதற்குக் காரணம் கூறுதலே இவற்றுள் தலையாயது. அட்டவணையை மனப்பாடம் செய்தார் அதனைக் கூற மாட்டார். விடை எழுதிய பின்னர்ப் பண்டையோர் வகுத்த கூற்றினையும் துறையினையும் காட்டி ஒப்பிடச் செய்தல் வேண்டும். துறை வகுத்தோர் நம் முதல் திறனாய்வாளராவர். அவர் துணிபு நம் துணிபுக்கு உரைகல்லாகுமேயன்றி மாற்றாகாது. உளநூற் கொள்கைகளைக் கற்பிக்குங்காலும் ஒத்தவிடங்களோடு நில்லாது, வேறுபடுமிடங்களை முதற்கண் காட்டுதல் நன்று.

இங்ஙனம் கற்பித்தலின் பயன் தேர்வோடு ஒழிவதன்று. இம்மாணவருட் பலர் நாளை பள்ளி ஆசிரியராவர். ஆசிரியர் வினா வினவிய பொழுது சிறுவன் ஒருவன் விடை கூறாது நகுகின்றான் எனக் கொள்வாம். அந்நகையினை எள்ளல் என்று கொண்டால் ஒறுத்தல் நிகழும். நகைக்கு எள்ளலோடு பேதைமையும் மடனும் இளமையும் களனாம் என்று அவ்வாசிரியர் கற்றுள்ளார். எள்ளலின்கண்ணும், பிறரை எள்ளியான் நகுதலேயன்றிப் பிறரால் எள்ளப்பட்டான் தானும் நகுதல் உண்டு என்று பேராசிரியர் காட்டியதனையும் கற்றுள்ளார். உடன்பயில்வோர் தன்னை எள்ளியதனை மறைக்கவே அச்சிறுவன் நகுதல் கூடும். கற்றதனை அட்டவணையாகக் கற்றிருப்பின் அந்நேரத்தில் அஃது அவர்க்கு உதவாது. களனைத் தேடும் பழக்கமாகக் கற்றிருப்பின், கையை ஓங்குமுன் ஒரு கணம் நின்று அச்சிறுவனைச் சூழ்ந்திருப்போரையும் நோக்குவார்.

மெய்ப்பாட்டியலைப் பழம்பொருளாகப் போற்றுவதனானும், புதிய கொள்கைகளுக்கு முற்பட்டது என்று புகழ்வதனானும் அந்நூலுக்கு ஆக்கம் இல்லை. அதனைப் பயின்றார் பிறர் உள்ளத்தை முன்னினும் பொறுமையோடு நோக்குவாராயின், அந்நூல் இன்றும் தன் பணியைச் செய்கின்றது எனலாம்.